பிரித்துக் கட்டிய வாசல்

டெய்லரக்கா வீடு கட்டப் போகிறாள் என்ற பேச்சு கிளம்பியபோது, அதைப் பற்றி யாரும் அவளிடம் கேட்கவில்லை. எல்லாரும் அவள் வீட்டுக்காரரிடம்தான் போய்க் கேட்டார்கள். "என்ன லைன்மேன், வீடு கட்டப் போறீங்களாமே?" அவர் சக்கர நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நான் எங்க கட்டுறேன்? நான் உக்காந்து வேடிக்கை பாக்கப் போறேன். கட்டுறது டெய்லர்" என்பார். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். சிரித்தவர்கள் சிரிக்கட்டும். இந்தக் கதையில் அவர்களுக்கு இனி வேலை இல்லை.

லைன்மேன் கம்பத்திலிருந்து விழுந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இடுப்புக்குக் கீழே உணர்வு போனது, வேலை போனது, பெயர் மட்டும் போகவில்லை. இருந்தது டவுனில் ஒரு வாடகை வீடு. முன்னால் தெருவைப் பார்த்த அறையில் அவளுடைய தையல் மிஷின், பின்னால் ஒரே அறை, அதற்கும் பின்னால் சமையல்கட்டும் குளியலறையும். நாற்காலி அந்த ஒரே அறையோடு சரி. சமையல்கட்டுக் கதவு அகலம் பற்றாது. குளியலறைக்கு நிலைப்படி தடுக்கும். தெருவுக்கு இறங்க இரண்டு பேர் வேண்டும். புயலடிக்கிற நேரத்தில் கம்பம் ஏறி ஊருக்கு வெளிச்சம் கொடுத்த மனுஷன், ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. குரல் கொடுப்பதற்கு முன்னால் அவர் தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலைக் கேட்கும்போதெல்லாம் மிஷினை மிதிக்கும் அவள் கால் நின்றுவிடும்.

அதனால் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் டெய்லரக்காவுக்கு ஒரே பதில்தான். படுக்கையிலிருந்து கேட் வரைக்கும் அவர் யாரையும் கூப்பிடாமல் போய் வர வேண்டும். சுவருக்கு என்ன வர்ணம், தரைக்கு என்ன கல் என்றெல்லாம் கேட்டால், "உங்க இஷ்டம்" என்று விட்டுவிடுவாள். இந்த ஒன்றில் மட்டும் தலைகீழாக நின்றாலும் அவளை அசைக்க முடியாது.

மனை கிராமத்துக் கடைசியில், வயலை ஒட்டி இருந்தது. கொஞ்சம் தாழ்வான இடம். தாழ்வாக இருந்ததால்தான் அவர்கள் கைக்கு எட்டியது. மனை பார்க்க எல்லாரும் வெயிலில் போவார்கள். இவள் மழையில் போனாள். குடையைப் பிடித்துக்கொண்டு நட்ட நடு மனையில் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்து, தேங்கிய விளிம்பில் எல்லாம் குச்சி நட்டுவைத்தாள். எதிர் வயலில் வேலை செய்தவர்கள் அவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றே நினைத்தார்கள். மழை விட்ட பிறகு குச்சிகளைப் பார்த்தால் கதை தெளிவாகத் தெரிந்தது. தரை முழங்கால் உயரத்துக்கு மேலே எழும்பினால்தான் வீட்டுக்குள் தண்ணீர் வராது.

முழங்கால் உயரம் என்றால் மற்றவர்களுக்கு மூன்று படி. லைன்மேனுக்கு அது மலை.

படி கூடாது, உயரமும் வேண்டும் என்றால் சரிவுதான் வழி. எவ்வளவு நீளச் சரிவு? அதை யாரிடம் கேட்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. மரக்கடையில் நீளப் பலகை இரவல் வாங்கி, ஒரு முனையைச் செங்கல் மேல் வைத்து, அவரை ஏறச் சொன்னாள். பாதியில் நாற்காலி பின்னால் உருண்டது. "என்னைக் கொல்றதுக்கு இவ்வளவு சுத்து வழியா?" என்றார் அவர். செங்கலை எடுத்துவிட்டு, அதைவிட மெல்லிய கூரை ஓடு ஒன்றை வைத்தாள். ஏறினார், மூச்சு வாங்கியது. இன்னும் நீளமான பலகை, இன்னும் சாய்வு குறைவு. கடைசியில் பேசிக்கொண்டே ஏறினார். அந்தச் சாய்வைக் கணக்கில் வைத்துப் பார்த்தால், சரிவு மனையின் ஒரு மூலையிலிருந்து வாசல் வரை நீண்டது. உடனே கேட்டைத் தெருப்பக்கத்தின் நடுவிலிருந்து தூக்கி அந்த மூலைக்குக் கொண்டுபோனாள். சட்டைக்குப் பொத்தான் எங்கே வேண்டுமோ அங்கேதானே வைக்க முடியும்.

அறைகளுக்கும் அப்படித்தான் அளவெடுத்தாள். செய்தித்தாள்களை ஒட்டி அறைத் தரையில் விரித்து, அவரை ஒரு முழுச் சுற்றுத் திரும்பச் சொல்லி, சக்கரம் போன வழியைச் சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டி எடுத்தாள். அந்தப் பெரிய காகித வட்டத்தை மடித்து எடுத்துப் போய், மனையில் சுண்ணாம்புப் பொடியால் குறித்திருந்த ஒவ்வொரு அறையிலும் விரித்துப் பார்த்தாள். காகிதம் எங்கே மடங்கியதோ அங்கே சுவர் நகர்ந்தது. கதவு அகலத்துக்கு நாற்காலியை அளந்துவிட்டு, இரண்டு பக்கமும் விரல்முட்டி உரசாத அளவுக்குச் சேர்த்து விட்டாள். தையலுக்குத் துணி விடுகிற கை அது, சும்மா இருக்குமா?

மேஸ்திரியைத் தேர்ந்தெடுத்த விதமும் அவளுடையதுதான். வேலை கேட்டு வந்தவர்கள் எல்லாரும் தாங்கள் கட்டிய வீடுகளின் முகப்பைக் காட்டினார்கள். அவள் அந்த வீட்டுப் பெண்களிடம் கேட்டுக்கொண்டு நேராகக் குளியலறைக்குப் போய் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிப் பார்ப்பாள். பல வீடுகளில் தண்ணீர் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒருவர் கட்டிய வீடுகளில் மட்டும் ஊற்றிய தண்ணீர் தயங்காமல் ஓடிப் போனது. அவரையே பிடித்துக்கொண்டாள்.

அவருடைய வேலையில் குற்றம் சொல்ல முடியாது. வாயில்தான் கோளாறு. எது சொன்னாலும் "ஆகட்டும்க்கா" என்பார். சொல்லிவிட்டுத் தன் பழக்கப்படி செய்வார். ஊரில் அவருக்கு ஆகட்டும் மேஸ்திரி என்றே பெயர். கதவை அகலமாக வைக்கச் சொன்னாள். "ஆகட்டும்க்கா." மறுநாள் வந்து டேப்பை வைத்தால் வழக்கமான அகலம். நிலையில் கீழ்ப்படி வேண்டாம் என்றாள். "ஆகட்டும்க்கா." ஆசாரி கொண்டுவந்த நிலையில் கீழ்ப்படி கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. அதன்பிறகு அவளும் வழி கண்டுபிடித்துவிட்டாள். அவர் "ஆகட்டும்" என்றதும், கழுத்தில் தொங்கும் டேப்பை எடுத்து அவர் கையில் கொடுத்து, "எங்க, இப்பவே குறிங்க பாப்போம்" என்பாள். குறித்து முடிக்கும்வரை நகரமாட்டாள். மேஸ்திரி தன் ஆட்களிடம், "இந்தக்கா கழுத்துல டேப்பு இல்லாதப்ப யாராவது பாத்திருக்கீங்களாடா?" என்று கேட்பார். ஆனாலும் அவருக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. அதுதான் பிறகு வினையாயிற்று.

முன்பக்கத்துச் சரிவை மட்டும் அவள் மேஸ்திரியிடம் கொடுக்கவில்லை. அது அவளுடைய வேலை. டிராக்டர்காரரிடம் சரளை கலந்த மண் சொல்லி, வந்து கொட்டியதை மண்வெட்டியால் இழுத்துப் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, அது இறுகியதும் மேலே அடுத்த அடுக்குப் போட்டாள். காலையில் மண், பகலில் தையல், சாயங்காலம் மறுபடி மண். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப் போனது. பட்டுத்துணி தைக்கும்போது அந்தக் காய்ப்பில் நூல் மாட்டும். வாசலை ஒட்டிச் சாரம் நின்ற இடத்துக்கு மட்டும் மண் போடாமல் விட்டாள். பூச்சு முடிந்து சாரத்தைப் பிரித்ததும் அந்தத் துண்டையும் நிரப்பிவிட்டால் சரிவு வாசலைத் தொட்டுவிடும்.

லைன்மேனும் சும்மா இருக்கவில்லை. வயரிங் முழுக்க அவர்தான். மேலே ஓடுகிற வயருக்கு மட்டும் பழைய கூட்டாளி ஒருத்தர் ஏணி ஏறினார். கீழே உட்கார்ந்து அவரைத் திட்டும் பொறுப்பு லைன்மேனுடையது. சுவிட்சுப் பலகைகள் எல்லாம் அவர் கைக்கு எட்டும் உயரத்தில். விளக்குப் போட இனி மற்றவர்கள்தான் குனிய வேண்டும். "எல்லாரும் வந்து எனக்கு வணக்கம் வைக்கட்டும்" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் விரலில் இன்சுலேஷன் டேப்பின் பிசுக்கும் முகத்தில் ஒரு திமிரும் ஒட்டியிருந்தன. அந்தத் திமிரைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு பிடித்தது.

அப்போதுதான் பள்ளிச் சீருடை வேலை வந்து விழுந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற வேலை, விட முடியாது. டெய்லரக்கா சில நாள் மனைப் பக்கமே போகவில்லை. லைன்மேனின் அக்கா, அவளுக்கு அண்ணி, "நான் போய்ப் பாத்துக்கிறேன், நீ தை" என்றாள். அண்ணி தங்கமான மனுஷி. அதில் சந்தேகமே இல்லை.

சீருடைகளைக் கொடுத்து முடித்த கையோடு, லைன்மேனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மனைக்குப் போனாள். வாசலில் மேஸ்திரி வாயெல்லாம் பல்லாக நின்றார். சாரம் பிரித்தாகிவிட்டது. சாரம் நின்ற இடத்தில், அவள் இடித்து இறுக்கிய சரிவின் முனையையும் வெட்டி எடுத்துவிட்டு, மூன்று படிகள் கட்டியிருந்தார். வழவழவென்று கல் பதித்து, ஓரத்தை உருட்டி, பக்கத்துக்கு ஒரு சின்னத் திண்டு. சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பக்கத்தில் யார் வீட்டிலும் அப்படி ஒரு படி இல்லை.

"நேத்துதான் பதிச்சேன்க்கா. இது நான் உங்களுக்குச் செய்றது. கல்லு என்னோடது, கணக்குல வராது" என்றார் மேஸ்திரி. "வீடுன்னா வாசல்ல படி வேணாமா? அம்மாவும் அதான் சொன்னாங்க" என்று பக்கத்தில் நின்ற அண்ணியைக் காட்டினார்.

"ஆமா, மொட்டையா இருந்துச்சு" என்றாள் அண்ணி. "தம்பியை நெனைச்சுத்தானே கவலைப்படுற? தூக்கிட்டுப் போக நாங்க இல்லையா?"

தூக்கிட்டுப் போக நாங்க இல்லையா. அன்பாகத்தான் சொன்னாள். அந்த வார்த்தையிலிருந்து தப்பிக்கத்தான் டெய்லரக்கா இவ்வளவு மண்ணையும் சுமந்தாள் என்று அண்ணிக்கு எப்படித் தெரியும்? திரும்பிப் பார்த்தாள். லைன்மேன் படிகளுக்குக் கீழே நாற்காலியில் இருந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றார். அதற்கு முன்னால் தொண்டையைச் செருமினார்.

"பிரிக்கணும் மேஸ்திரி" என்றாள் அவள்.

மேஸ்திரிக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது. "என்னக்கா, வேலையில என்ன தப்பு? சொல்லுங்க."

"வேலையில தப்பே இல்ல. படி வேண்டாம்."

"கட்டினதை இடிக்கிற பழக்கம் என்கிட்ட கிடையாது. நான் இத்தனை வீடு கட்டியிருக்கேன், ஒருத்தர் ஒரு செங்கல்லை எடுன்னு சொன்னதில்ல. இடிக்கணும்னா வேற ஆளைப் பாத்துக்குங்க." ஆட்களைக் கூப்பிட்டார். சட்டி, மண்வெட்டி, கரணை எல்லாம் வண்டியில் ஏறின. திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

உள்ளே தரை போடவில்லை. பின்சுவர் பூசவில்லை. அந்தத் தெருவிலேயே வேறொரு மேஸ்திரி கோபித்துக்கொண்டு போனதால் பாதியில் நின்ற வீடு ஒன்று இருந்தது. கம்பிகள் துருவேறி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளே ஆடு கட்டியிருப்பார்கள். அதைத் தாண்டித்தான் அவள் தினமும் வந்தாள். இப்போது அவள் கண் தானாக அந்தப் பக்கம் போயிற்று. பயமில்லை என்று சொன்னால் பொய்.

"விட்டுடு" என்றார் லைன்மேன். "அவர் போயிட்டா வீடு பாதியில நின்னுரும். போய்ச் சமாதானமாப் பேசிக் கூட்டிட்டு வா. படி இருந்தா இருந்துட்டுப் போகுது. நான்தான் ஏறப் போறதில்லையே."

"நீங்க ஏறாத வீட்டை நான் யாருக்குக் கட்டுறேன்?"

அவர் நாற்காலியைப் பின்னால் உருட்டிக்கொண்டார்.

டெய்லரக்கா படியில் உட்கார்ந்து கல்லின் இடுக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். சிமென்ட் உதிர்ந்தது. நேற்றுப் பதித்தது, இன்னும் பச்சை. நாளைக்கு இறுகிவிடும். பிறகு உடைத்தால்தான் வரும். தையல்காரிக்கு இது தெரிந்த விஷயம். இறுக்கமாகிப் போன ரவிக்கை வந்தால் அவள் ஒருநாளும் கிழித்ததில்லை. ஒவ்வொரு தையலாக நெம்பி, துணியில் ஓட்டை விழாமல் பிரித்து, மறுபடி தைத்துக் கொடுப்பாள். புதிதாகத் தைக்கத் தெரிந்தவர்கள் நூறு பேர் உண்டு. பிரிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

பக்கத்து வீட்டில் சின்ன உளியும் சுத்தியலும் வாங்கி வந்தாள். இடுக்குகளில் தண்ணீர் விட்டு, மேல் படியின் ஓரக் கல்லிலிருந்து ஆரம்பித்தாள். நாலு தட்டுத் தட்டுவதற்குள் கை வழுக்கி விரலில் பட்டது. ரத்தத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி உளியை வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்த லைன்மேன் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"உளியைச் செங்குத்தா வைக்காத. சாய்ச்சு வை. கல்லோட அடிக்குப் போகணும்."

சாய்த்து வைத்தாள். கல் லேசாக அசைந்து, அப்படியே பெயர்ந்து வந்தது.

"இங்க கொடு" என்றார். மடியில் சாக்கை விரித்து, கல்லை அதில் வைத்து, ஒட்டியிருந்த சிமென்டைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தார். அவள் பிரிக்கப் பிரிக்க அவர் தேய்த்தார். கல் முடிந்ததும் அடியிலிருந்த செங்கல்லையும் அவள் பெயர்த்தெடுத்தாள். வெயில் இறங்கும்போது படி இருந்த இடத்தில் வெறும் பள்ளம். சுவரோரம் கற்கள் துணி மடித்தாற்போல் அடுக்கியிருந்தன. தேய்த்துக் கொண்டிருந்தவரின் முகத்தில் அந்தத் திமிர் மறுபடி வந்திருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி உளியைக் கழுவினாள். மேஸ்திரி வராவிட்டால் தரையைத் தானே போட்டுக் கற்றுக்கொள்வது என்று அந்த நேரத்திலேயே முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் பள்ளத்துக்கு மண் இழுத்துக்கொண்டிருந்தபோது மேஸ்திரியின் வண்டி வந்து நின்றது. "மட்டம் பாக்குற ரசமட்டத்தை விட்டுட்டுப் போயிட்டேன்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். எடுத்துக்கொண்டு திரும்பியவர் சுவரோரம் நின்றுவிட்டார். குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கல்லை எடுத்து நாலு முனையையும் விரலால் தடவினார். அடுத்ததை எடுத்தார். அதற்கு அடுத்ததையும்.

"யாரு பிரிச்சது?"

"நான்தான்."

"ஒரு முனைகூடத் தெறிக்கலையே."

"அவ்வளவு அழகா உருட்டியிருந்தீங்க, உடைக்க மனசு வரலை" என்றாள். மண்வெட்டியைக் கீழே வைத்தாள். "மேஸ்திரி, நான் பிரிச்சுத் தர்ற சட்டையெல்லாம் மோசமா தைச்ச சட்டையா? இல்ல. போட்டுக்கிறவருக்குச் சேரலை, அவ்வளவுதான். இந்தச் சட்டையைப் போட்டுக்கப் போறவர் அவர்."

மேஸ்திரி கையிலிருந்த கல்லை அடுக்கின்மேல் திரும்ப வைத்தார். பிறகு எழுந்து, அவள் இடித்த சரிவின்மேல் மெதுவாக நடந்து ஏறினார், இறங்கினார். காலால் அழுத்திப் பார்த்தார். "மண்ணு நல்லா இறுகியிருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து அவள் கேட்டதே இல்லை. அவளுக்குள் ஜிவ்வென்று ஏறியது. ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கே சீருடை தைத்துக் கொடுத்தபோதுகூட அப்படி இருந்ததில்லை.

"ஆனா அக்கா, மழையில இந்த மண்ணு மேல சக்கரம் புதையும். மேல கல்லு போடணும். இதே கல்லைத் திருப்பிப் போட்டுர்றேன். அடிப்பக்கம் சொரசொரன்னு இருக்கும், சக்கரம் வழுக்காது. பத்தாததுக்கு நான் கொண்டு வரேன்."

இது அவளுக்குத் தோன்றவே இல்லை. "செய்வீங்களா?"

"ஆகட்டும்க்கா" என்றவர், உடனே கையை நீட்டினார். "அந்த டேப்பைக் கொடுங்க. இப்பவே குறிச்சிர்றேன்."

தரை போட்டு, பின்சுவர் பூசி, சரிவு முழுக்கக் கல் பாவி, மேஸ்திரி சொன்னபடியே எல்லாம் முடித்தார். குடிபோகிற அன்று அவரும் வந்திருந்தார். சாமான் ஏற்றிய வண்டி தெருவிலேயே நின்றது. முதலில் லைன்மேன் போகட்டும் என்று எல்லாரும் கேட்டில் ஒதுங்கினார்கள். அவர் சக்கரத்தில் கை வைத்தார். பழக்கத்தில் அண்ணியின் கை நாற்காலியின் பிடிக்குப் போயிற்று. டெய்லரக்கா அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள். "இருங்கண்ணி."

நாற்காலி ஏறியது. பாதியில் அவர் நின்றார். மேஸ்திரி ஓர் அடி முன்னால் வைத்து, பிறகு அவரே பின்வாங்கிக்கொண்டார். லைன்மேன் மூச்சு வாங்குவதற்காக நிற்கவில்லை. கழுத்தைத் திருப்பி வயலை ஒரு பார்வை பார்த்தார், கம்பத்து உச்சியிலிருந்து பார்க்கிற ஆள் மாதிரி. பிறகு மிச்சத்தையும் ஏறி, விரல்முட்டி எதிலும் படாமல் வாசலைத் தாண்டி உள்ளே போனார். உள்ளே ஒரு முழுச் சுற்றுத் திரும்பினார். எல்லாரையும் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்னடி இது, சாத்திக்கிட்டான்?" என்றாள் அண்ணி.

டெய்லரக்கா சரிவில் ஏறிப் போய்க் கதவைத் தட்டினாள்.

"யாரது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. செருமல் இல்லை.

"டெய்லர்" என்றாள்.

"என்ன விஷயம்?"

"அளவு சரியா இருக்கான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

தாழ்ப்பாள் விலகியது. கதவு முழுசாகத் திறந்தது. அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து அவளுக்கு வழி விட்டார்.

"சரியா இருக்கு, வாங்க, உள்ள வாங்க" என்றார். "உக்காருங்க. நான் போய்க் குடிக்கத் தண்ணி கொண்டு வரேன்."